பெற்றது எத்தனை, தங்கியது எத்தனை?



தோட்டத்தில் வாழ்ந்த பழைய பாட்டிமாரிடம், "உங்களுக்கு எத்தனை பிள்ளைகள், பாட்டி?" என்று கேட்டால், அவர்கள் ஓர் எண்ணைச் சொல்ல மாட்டார்கள்; இரண்டு எண்களைச் சொல்வார்கள். "பெத்தது ஒம்பது, தங்குனது அஞ்சு" என்பார்கள். சொல்லும்போது கண் கலங்குவதும் இல்லை. அந்தக் காலத்தில் அது ஒரு வீட்டுக் கதையன்று. லயம் முழுவதற்கும் அதே கதைதான். இன்று ஓர் இளந்தாயிடம் அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். "இரண்டு" என்று ஒரே எண்ணில் முடித்துவிடுவார். பெற்றதும் இரண்டு, தங்கியதும் இரண்டு.

பாட்டிக்கும் பேத்திக்கும் இடையில் நடந்தது என்ன? இதைத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் நமக்கு இருக்கிறது. ஏனென்றால், கல்யாண வீட்டிலும் திருவிழாப் பந்தலிலும் நாலு பேர் கூடினால் ஒரு பேச்சு எழுகிறது. "நம்ம ஆளுங்க தொகை குறைஞ்சுகிட்டே போகுது" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "இந்தக் காலத்துப் பொண்ணுங்க பிள்ளை பெத்துக்க மாட்டேங்குதுங்க" என்று இன்னொருவர் முடிப்பார். பழி முழுவதும் பெண்ணின் தலையில் விழுந்துவிடும். அது நியாயந்தானா? மக்கள் தொகை கூடுவதும் குறைவதும் உண்மையில் எவற்றால் நிகழ்கின்றன? வேறு தேசத்து உதாரணங்களைத் தேட வேண்டியதில்லை. மலாயாவுக்கு வந்த நம் முன்னோரின் வரலாறே போதும்.

நான்கு கணக்குகள்

தோட்டத்து ஆபீசில் கிராணியார் வைத்திருக்கும் பேரேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தோட்டத்தின் ஆள்தொகை மாறுவதற்கு நான்கே வழிகள்தாம் உண்டு. பிள்ளை பிறக்கலாம்; ஆள் இறக்கலாம்; வெளியிலிருந்து ஒருவர் வந்து சேரலாம்; உள்ளே இருப்பவர் வெளியேறலாம். ஐந்தாவது வழி கிடையாது. பிறப்பு, இறப்பு, வரவு, போக்கு என்னும் இந்த நான்கு கணக்குகளே ஒரு தோட்டத்துக்கும் உண்டு, ஒரு நாட்டுக்கும் உண்டு.

இதில் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு தோட்டத்தில் 1,000 பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 40 பிள்ளைகள் பிறக்கின்றன; 40 பேர் இறக்கின்றார்கள். ஆண்டு முடிவில் எண்ணினால் அதே 1,000 பேர். வெளியிலிருந்து பார்ப்பவர் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைப்பார். உள்ளே இருப்பவருக்குத்தான் தெரியும், 40 தொட்டில் கட்டியதும் 40 பாடை கட்டியதும்.

இப்போது அதே தோட்டத்துக்கு நல்ல தண்ணீரும் மருந்தும் வருகின்றன. இறப்பு 40-லிருந்து 10-ஆகக் குறைகிறது. பிறப்பு முன்போல 40-தான். ஆண்டுக்கு 30 பேர் கூடுவார்கள். கூடியவர்களும் வளர்ந்து குடும்பம் நடத்துவார்கள். இதே வேகத்தில் போனால் இருபத்து மூன்று, இருபத்து நான்கு ஆண்டுகளில் 1,000 பேர் 2,000 பேராகிவிடுவார்கள். கவனியுங்கள்: எந்தத் தாயும் முன்னைவிட ஒரு பிள்ளைகூட அதிகமாகப் பெறவில்லை. பிறந்த பிள்ளைகள் சாகாமல் இருந்தார்கள்; அவ்வளவுதான். உலகம் முழுவதும் மக்கள் தொகை பெருகியதற்கு முதற்காரணம் இதுவே. 2022 நவம்பரில் உலக மக்கள் தொகை 800 கோடியை எட்டிவிட்டதாக ஐக்கிய நாட்டு நிறுவனம் அறிவித்தது. மனிதர் திடீரென்று அதிகப் பிள்ளை பெறத் தொடங்கியதால் வந்த தொகையன்று அது. சாவு தள்ளிப் போனதால் வந்த தொகை.

ஆள் வந்த கணக்கு

மலாயாவில் தமிழர் தொகை முதலில் வளர்ந்தது பிறப்பால் அன்று, வரவால். கரும்புத் தோட்டங்களுக்கும் காப்பித் தோட்டங்களுக்கும் சஞ்சிக்கூலிகளாக நம்மவர் கொண்டுவரப்பட்டனர். பிறகு ரப்பர் வந்தது. 1907-இல் ஆள் கொண்டுவருவதற்கென்று ஒரு நிதி ஏற்படுத்தப்பட்டது. முதலாளிமார் அதற்குப் பணம் கட்ட வேண்டும். சஞ்சிமுறை 1910-இல் ஒழிக்கப்பட்டது. கங்காணி முறை ஓங்கியது. கங்காணி தம் ஊருக்குப் போய், தம் உறவிலும் ஊரிலும் ஆள் திரட்டி, நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேற்றிப் பினாங்கில் கொண்டுவந்து இறக்குவார்.

அப்படி வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். 1901-ஆம் ஆண்டுவாக்கில் இங்கிருந்த இந்தியரில் ஆயிரம் ஆண்களுக்கு இருநூறு பெண்கள்கூட இல்லை. முப்பது ஆண்டு கழித்து, 1931-இல், ஆயிரம் ஆண்களுக்கு ஐந்நூறு பெண்களை நெருங்கியது. பெண்கள் இல்லாத இடத்தில் தொட்டில் எப்படி ஆடும்? ஏன் பெண்கள் வரவில்லை என்று கேட்டால், சம்பளத்தைப் பார்க்க வேண்டும். 1920-களின் கடைசியில் நல்ல நிலையில் இருந்த தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று விதித்திருந்தார்கள். அதற்கு முன் அதுவும் இல்லை. தனியாள் வயிற்றைக் கழுவி, ஊருக்குச் சிறிது அனுப்பத்தான் அது காணும். குடும்பத்தைக் கொண்டுவந்து குடிவைக்க அந்தக் கூலி இடங்கொடுக்கவில்லை. ஆக, பிறப்புக் கணக்கை அன்று எழுதியது பெண்ணின் விருப்பமன்று. கூலி விகிதமும் ஆள் திரட்டும் முறையும் எழுதின.

கொசு எழுதிய கணக்கு

வந்தவர்கள் எல்லாரும் பிழைத்தார்களா? அதுவும் இல்லை. காடு வெட்டித் தோட்டம் போட்ட காலத்தில் குளிர்காய்ச்சல் ஆட்களை வாரிக்கொண்டு போயிற்று. 1911-இல் மலாய்க் கூட்டு மாநிலங்களின் தோட்டத் தொழிலாளரில் ஆயிரத்துக்கு அறுபது பேர் அளவில் இறந்தனர். நாம் சற்றுமுன் கற்பனையாகச் சொன்ன தோட்டத்தில் நாற்பது. இதுவோ அதையும் மிஞ்சியது. இறந்தவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள் அல்லர். வேலைக்கென்று பொறுக்கியெடுத்துக் கொண்டுவரப்பட்ட இளவட்டங்கள்.

இந்தக் காய்ச்சலை மாற்றியது எது என்பது நாம் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய செய்தி. கொசுவின் உடலில் மலேரியாக் கிருமி வளர்வதை 1897-இல் ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர் செகந்தராபாத்தில் கண்டறிந்தார். நான்கே ஆண்டில், 1901-இல், மால்கம் வாட்சன் என்னும் இளம் மருத்துவர் கிள்ளானுக்கு வந்து சேர்ந்தார். புதிதாகத் திறந்த துறைமுகமான போர்ட் சுவெட்டன்ஹாமில், அதாவது இன்றைய போர்ட் கிள்ளானில், காய்ச்சல் தலைவிரித்தாடியது. வாட்சன் மருந்துப் புட்டியை மட்டும் நம்பவில்லை. சதுப்பை வடிய வைத்தார், புதரை வெட்டினார், கால்வாய் தோண்டச் செய்தார். அடுத்த ஆண்டே கிள்ளானிலும் துறைமுகத்திலும் சாவு பெருமளவு சரிந்தது.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. கடலோரச் சமவெளியில் நிழல் படர்ந்த காட்டுச் சதுப்பில் ஒருவகைக் கொசு வளர்ந்தது. அங்கே காட்டை வெட்டி நீரை வடித்தால் அது ஒழிந்தது. அதே வைத்தியத்தை மலைப்பாங்கான தோட்டங்களில் செய்தபோது காய்ச்சல் குறையவில்லை, கூடியது! காரணம், மலையடிவார ஓடைகளில் வேறொரு கொசு வாழ்கிறது. அதற்கு வெயில் படும் தெளிந்த நீர்தான் வேண்டும். மரத்தை வெட்டியதும் ஓடைகளில் வெயில் விழுந்தது, கொசுவுக்குக் கொண்டாட்டமாயிற்று. பிறகு மலைத்தோட்டங்களில் ஊற்றுநீரை மண்ணுக்கடியில் குழாய் பதித்து வடித்தார்கள். ஓடைகளில் எண்ணெய் தெளிக்க ஆள் போட்டார்கள். முதுகில் எண்ணெய்த் தோம்பைச் சுமந்து கான் கானாகத் தெளித்துக்கொண்டு போனவர்களும் தோட்டத்துத் தொழிலாளிகள்தாம். அவர்கள் கையில் கத்தியும் இல்லை, ஊசியும் இல்லை. ஆனாலும் எத்தனை உயிரைக் காத்தார்கள் என்பதற்குக் கணக்கு உண்டா?

ஆகவே, ஒரே செயல் ஓரிடத்தில் சாவைக் குறைக்கும், வேறோரிடத்தில் கூட்டும். மக்கள் தொகையைப் பற்றிப் பேசும்போது, 'இதைச் செய்தால் இது நடக்கும்' என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதற்கு இது நல்ல பாடம்.

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமும் சில கடமைகளைத் தோட்ட நிருவாகங்கள்மேல் வைத்தது. வைத்திய வசதி, தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச்செல்ல ஆயாக்கொட்டகை, பிள்ளைகள் இருந்தால் பள்ளிக்கூடம் என்பவை அவற்றில் சில. எல்லாத் தோட்டங்களிலும் இவை ஒழுங்காக நடந்தன என்று சொல்ல முடியாது. ஆனாலும் சட்டத்தில் ஒரு வரி ஏறியதும், தொட்டிலுக்கும் சுடுகாட்டுக்கும் இடையே உள்ள தூரம் சிறிது கூடியது.

திருப்பி அனுப்பிய காலமும் போர்க்காலமும்

இப்போது போக்குக் கணக்கைப் பார்ப்போம். 1929-இல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. ரப்பர் விலை படுத்துவிட்டது. 1930 முதல் 1932 வரை ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளரும் குடும்பத்தாரும் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். கூலியும் வெட்டப்பட்டது, 1932-இல் ஆணுக்கு 28 காசு, பெண்ணுக்கு 24 காசு என்று ஆயிற்று. 1938-இல் இந்திய அரசாங்கம், உதவிச் செலவில் தொழிலாளரை மலாயாவுக்கு அனுப்புவதைத் தடை செய்தது. நெடுங்காலம் திறந்திருந்த கதவு அத்துடன் பெரும்பாலும் மூடிக்கொண்டது.

அடுத்து வந்தது ஜப்பான் காலம். சயாம் மரண ரயிலைப் பற்றி நம் வீடுகளில் சொல்லாதவர் இல்லை. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்குக் கொண்டுபோகப்பட்டனர். அவர்களில் மிகப் பலர் தோட்டத் தமிழர். காலராவும் சீதபேதியும் மலேரியாவும் பட்டினியும் ஆயிரமாயிரம் பேரைத் தின்றன. வீட்டில் இருந்தவர்களும் மரவள்ளிக்கிழங்கைத் தின்று, மருந்தில்லாமல், துணியில்லாமல் காலம் தள்ளினார்கள்.

இதன் விளைவு குடிமதிப்பில் பதிந்திருக்கிறது. சிங்கப்பூரையும் சேர்த்து மலாயாவில் 1931-இல் இந்தியர் ஏறத்தாழ 6,20,000 பேர். 1947-இல் எண்ணியபோது ஏறத்தாழ 6,00,000 பேர். பதினாறு ஆண்டுகளில் ஒரு சமூகம் வளராமல் நின்றது மட்டுமன்று, இருபதாயிரம் பேர் குறைந்தும் போயிற்று. போர் இறந்தவர்களை மட்டும் குறைப்பதில்லை. கணவன் சயாமில் கிடந்தான். மனைவி இங்கே தனித்திருந்தாள். அந்த ஆண்டுகளில் பிறந்திருக்க வேண்டிய பிள்ளைகளும் பிறக்கவில்லை. இறந்தவருக்குக் கல் நாட்டலாம். பிறவாதவருக்கு என்ன செய்வது?

தங்கத் தொடங்கிய பிள்ளைகள்

போருக்குப் பின் காட்சி மாறியது. 1953 முதல் குடிநுழைவுச் சட்டம் கடுமையாகிவிட்டதால் புது ஆள் வருவது அருகியது. இனிமேல் வளர வேண்டுமானால் பிறப்பால்தான். இதற்குள் பெண்கள் தொகையும் ஆண்கள் தொகையை நெருங்கி வந்துவிட்டது. குடும்பங்கள் நிலைத்தன. மலேரியாவுக்குப் புது மருந்தும், சுவரில் அடிக்கும் கொசு மருந்தும், பென்சிலினும் வந்தன.

1957-இல், நாடு சுதந்திரம் பெற்ற ஆண்டில், மலாயாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 75 குழந்தைகள் ஒரு வயது நிறையும் முன்பே இறந்தன. இன்று அந்த எண்ணிக்கை பத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. 1957-இல் ஓர் இந்தியத் தாய் தம் வாழ்நாளில் சராசரியாக ஏழு பிள்ளை அளவில் பெற்றார். இறப்பு வேகமாக இறங்கியது. பிறப்பு அப்படியே இருந்தது. நாம் முதலில் போட்ட கணக்கு நினைவுக்கு வருகிறதா? லயத்து வீடுகளில் இடம் போதாமல் பிள்ளைகள் அஞ்சடியில் படுத்துறங்கிய காலம் அதுதான்.

குடும்பம் ஏன் சுருங்கியது?

பிறகு பிறப்பும் இறங்கியது. மலேசியா முழுவதிலும் ஒரு தாய் பெறும் சராசரிப் பிள்ளைகள் 1970-இல் ஐந்து அளவில் இருந்தன. 2022-இல் 1.6. மலேசிய இந்தியத் தாய்மாரின் சராசரி ஒன்றரைக்கும் கீழே. தாய் தந்தை இருவருக்கும் ஈடாக அடுத்த தலைமுறை நிற்க வேண்டுமானால் சராசரி 2.1 வேண்டும் என்பது கணக்கு. அந்தக் கோட்டுக்கு நாம் எப்போதோ கீழே வந்துவிட்டோம்.

இது ஏன் நிகழ்ந்தது? முதற்காரணம், பிள்ளைகள் தங்கியதே. ஒன்பதில் நான்கு போய்விடும் என்று அஞ்சிய காலத்தில் ஒன்பது பெற்றார்கள். பெற்றது தங்கும் என்ற நம்பிக்கை வந்ததும் பெறுவதைக் குறைத்துக்கொண்டார்கள். அந்த நம்பிக்கை வர ஒரு தலைமுறை பிடிக்கும். அதனால்தான் இறப்பு முதலில் இறங்குகிறது. பிறப்பு பின்னால் இறங்குகிறது.

இரண்டாவது காரணம் பள்ளிக்கூடம். முன்பு எட்டு வயதுப் பிள்ளை தாயோடு காட்டுக்குப் போய்க் கட்டிப்பால் பொறுக்கும், மங்கு துடைக்கும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும். பிள்ளை ஒரு கை உதவி. அதே பிள்ளை பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் உதவி செலவாயிற்று. சட்டை, சப்பாத்து, புத்தகம், பேருந்துக் கட்டணம், டியூஷன் என்று ஒவ்வொன்றாக வந்தன. 'நாலு பிள்ளைக்குப் பாதிப் படிப்புக் கொடுப்பதைவிட, இரண்டு பிள்ளைக்கு முழுப் படிப்புக் கொடுப்போம்' என்று பெற்றோர் எண்ணினார்கள். இதில் சுயநலம் எங்கே இருக்கிறது?

மூன்றாவது, பெண்ணின் படிப்பும் வேலையும். பதினாறு வயதில் தாலி ஏறிய பாட்டிக்கு முப்பதுக்குள் ஆறு பிள்ளை. பள்ளி முடித்து, தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ வேலை பார்த்து, இருபத்தேழு, இருபத்தெட்டில் கல்யாணம் செய்துகொள்ளும் பேத்திக்கு அத்தனை காலமே கிடையாது. 1972-இல் பினாங்கு பாயான் லெப்பாஸில் தாராள வாணிப வட்டாரம் திறந்தது. அத்தகைய தொழிற்பேட்டைகள் தோட்டத்துப் பெண்கள் பலரைப் பெரட்டுக்களத்திலிருந்து ஆலை வாசலுக்கு அழைத்துச் சென்றன.

நான்காவது, 1966-இல் தேசியக் குடும்பத் திட்ட வாரியம் அமைந்தது. பிள்ளை பெறும் இடைவெளியைத் தாயே தீர்மானிக்கும் வழிகள் எளிய மக்களுக்கும் கிடைத்தன. ஐந்தாவது, 1951-இல் தொடங்கிய ஊழியர் சேமநிதி. முதுமையில் கஞ்சி ஊற்றப் பல ஆண்பிள்ளைகள் வேண்டும் என்ற அச்சத்தை அது ஓரளவு குறைத்தது.

அரசாங்கம் சொன்னால் பிறப்புக் கூடுமா, குறையுமா என்றும் சிலர் கேட்பார்கள். நம் கண் முன்னால் இரண்டு எடுத்துக்காட்டுகள் உள்ளன. 1984-இல் மலேசியா, 2100-ஆம் ஆண்டுக்குள் ஏழு கோடி மக்கள் என்ற இலக்கை அறிவித்தது. ஆனால், பிறப்பு விகிதம் இறங்கிக்கொண்டேதான் வந்தது. சிங்கப்பூரில் 1970-களில் 'இரண்டே போதும்' என்றார்கள். 1987-இல் கொள்கையை மாற்றி, 'வசதி இருந்தால் மூன்றோ அதற்கு மேலோ' என்றார்கள். 2023-இல் அங்குச் சராசரி ஒன்றுக்கும் கீழே, 0.97. பிள்ளை பெறும் முடிவு மேடைப் பேச்சைக் கேட்டு எடுக்கும் முடிவன்று. வீட்டு வாடகை, சம்பளம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள், தாய்க்கு வேலையில் கிடைக்கும் விடுப்பு ஆகியவற்றைக் கூட்டிக் கழித்து வீட்டுக்குள் எடுக்கும் முடிவு.

நாம் குறைகிறோமா?

இப்போது அந்தக் கல்யாண வீட்டுப் பேச்சுக்கு வருவோம். 1957-இல் மலாயாவில் இந்தியர் ஏறத்தாழ ஏழு இலட்சம். மக்களில் நூற்றுக்குப் பதினொருவர். 2020-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி மலேசியக் குடிமக்களில் இந்தியர் ஏறத்தாழ இருபது இலட்சம், நூற்றுக்கு 6.7 பேர். எண்ணிக்கை ஏறத்தாழ மும்மடங்காகியிருக்கிறது; விகிதம் குறைந்திருக்கிறது. இரண்டும் உண்மை. எண்ணிக்கை வேறு, விகிதம் வேறு. தட்டில் உள்ள தோசை குறையாமலே, பந்தியில் ஆள் கூடினால் பங்கு குறைந்ததுபோலத் தோன்றும் அல்லவா?

விகிதம் குறைந்ததற்குக் காரணங்கள் பல. 1963-இல் சபாவும் சரவாக்கும் சேர்ந்து மலேசியா அமைந்தது. அங்கே இந்தியர் மிகச் சிலர். மற்றவர்களிடையே பிறப்பு நம்மைவிட அதிகமாக இருந்தது. இன்னொரு பெரிய காரணம் போக்குக் கணக்கு. 1968-இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1969-க்குப் பின் கடுமையாக நடைமுறைக்கு வந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்றது. நாற்பது ஆண்டு பால்மரம் வெட்டிய பலரிடம் ஒரு தாள் இல்லை. பல்லாயிரம் பேர் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறினார்கள். பிறந்த பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர்கள் போனதற்குக் கருப்பை காரணமன்று. கையில் காகிதம் இல்லாததே காரணம்.

தோட்டங்கள் காலியானதும் அப்படித்தான். 1950-களிலும் 60-களிலும் பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. அதைத் தடுக்கத் துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியில் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது; பத்து வெள்ளி பத்து வெள்ளியாகத் தொழிலாளர் போட்ட பணத்தில் தோட்டங்களை வாங்கியது. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. அதற்கு ஆள் குறைவாகப் போதும். பிறகு தோட்டமே வீடமைப்புத் திட்டமாயிற்று. 1957-இல் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. இன்று 530-ஐ ஒட்டி நிற்கின்றன. பள்ளிக்கூடம் காலியானதைப் பார்த்து, 'பிள்ளை இல்லை' என்று சொல்லிவிடுகிறோம். பிள்ளைகள் சிறிது குறைந்தது உண்மை. ஆனால், பெரும்பாலான இடங்களில் குடும்பமே பெயர்ந்து பட்டணத்து அடுக்குமாடிக்குப் போய்விட்டது. பள்ளிக்கூடம் உடன் போகவில்லை.

இனி என்ன வரும்? குடும்பம் சிறுத்த பிறகும் தொகை சில காலம் கூடும். முன்பு பிறந்த பெருங்கூட்டம் இளம் பெற்றோர் வயதில் இருப்பதே காரணம். அந்தக் கூட்டம் முதுமை அடைந்ததும் நிலைமை மாறும். 2030-இல் மலேசிய மக்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் அறுபது வயதைத் தாண்டியவர்களாக இருப்பார்கள் என்று கணித்திருக்கிறார்கள். இளையவர் குறைவு, முதியவர் அதிகம் என்ற நிலைக்கு நம் வீடுகளும் ஆயத்தமாக வேண்டும்.

நம் கையில் உள்ளவை

நேயர்களே, நான்கு கணக்குகளையும் பார்த்தோம். அவற்றில் எது நம் கையில் இருக்கிறது?

முதலாவது, பிறந்தவர் எண்ணப்பட வேண்டும். குழந்தை பிறந்த 60 நாள்களுக்குள் பதிவுசெய்து பிறப்புப் பத்திரம் வாங்கிவிடுங்கள். அதற்கு முன்னால் திருமணத்தைப் பதிவுசெய்யுங்கள். 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதார் திருமணத்துக்குப் பதிவு கட்டாயம். கோயிலில் தாலி கட்டினால் போதும் என்று விட்டுவிட்டவர்களின் பிள்ளைகள் படும் பாட்டை நாம் பார்க்கிறோம். பெற்றோர் திருமணம் பதிவாகாவிட்டால், பிள்ளையின் குடியுரிமை தாயின் நிலையை ஒட்டியே போகும். தாயிடம் அடையாள அட்டை இல்லையென்றால் பிள்ளைக்கும் இடர்ப்பாடு. பிறந்தும், கணக்கில் பிறவாத பிள்ளையாக அது நின்றுவிடும். 1969-இல் நம் தாத்தாக்கள் தாள் இல்லாமல் பட்ட பாட்டை, பேரப்பிள்ளைகள் மறுபடியும் பட வேண்டாம்.

இரண்டாவது, இறப்புக் கணக்கு. பழைய கொசு போயிற்று. புதிய எதிரி வந்திருக்கிறான். 2019-ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வில், வயது வந்த மலேசிய இந்தியரில் நூற்றுக்கு 31 பேருக்கு நீரிழிவு இருந்தது. மூவரில் ஒருவர் என்றே சொல்லலாம். அன்று நம்மை அழித்தது ஓடைத் தண்ணீர். இன்று அழிப்பது கோப்பையில் உள்ள இனிப்புத் தண்ணீர். ஆண்டுக்கொரு முறை அரசாங்க மருந்தகத்தில் இரத்தத்தைச் சோதித்துக்கொள்வது, அன்று ஓடையில் எண்ணெய் தெளித்ததற்குச் சமம்.

மூன்றாவது, தாய்மாரை ஏசுவதை விட்டுவிட வேண்டும். இன்னொரு பிள்ளை வேண்டும் என்று மருமகளிடம் கேட்கும் மாமியார், 'அந்தப் பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ வேலைக்குப் போய் வா' என்றும் சேர்த்துச் சொல்லட்டும். சமூகத்தின் தொகையைப் பற்றி மேடையில் கவலைப்படுகிறவர்கள், அங்கே ஒரு நல்ல பிள்ளைப் பராமரிப்பு நிலையம் வைத்துக் கொடுக்கட்டும். 'பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க' என்று நாம் வாழ்த்துகிறோம். அந்தப் பதினாறும் பிள்ளைகள் அல்ல. கல்வி, நலம், நீண்ட ஆயுள் முதலான பேறுகள் என்று பெரியவர்கள் பொருள் சொல்லியிருக்கிறார்கள்.

தொகை என்பது நாளைக்கு வரப்போகும் பிள்ளைகளின் எண்ணிக்கை மட்டுமன்று. இன்று இருக்கிற பிள்ளை பள்ளியை விட்டு நிற்காமல் இருப்பதும், இளைஞன் சாலையில் மடியாமல் இருப்பதும், அப்பா ஐம்பதில் கால் இழக்காமல் இருப்பதும் அந்தக் கணக்கில் அடங்கும். பாட்டி சொன்ன இரண்டு எண்களில் முதல் எண்ணைப் பற்றியே நாம் இத்தனை காலம் பேசிக்கொண்டிருந்தோம். அவருக்கு வலித்ததோ இரண்டாவது எண்தான். பெற்றது எத்தனையாயினும், தங்கியவர்கள் நலமாகத் தங்கட்டும். நம் வீட்டிலும் நம் வட்டாரத்திலும் அதற்கு வேண்டியதைச் செய்வோம்.